தோட்டத்துப் பக்கம் கணக்கெடுப்புப் பாரத்தோடு (படிவத்தோடு) வருகிறவர்களுக்கு

மலேசியாவில் தஞ்சோங் மாலிம், பீடோங் மாதிரிப் பட்டணங்களில் பல்கலைக்கழகமும் தோட்டமும் அருகருகே இருக்கின்றன. செமஸ்டருக்குச் செமஸ்டர் புது மாணவர்களும் புது விரிவுரையாளர்களும் ‘சமூகத் திட்டம்’ என்று கிளம்புகிறார்கள். போன கூட்டம் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசு, வாசலில் செருப்பைக் கழற்று என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைப் பார்ப்போம்.

நேரங்கெட்ட நேரத்தில் போவது

குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அதனால் பால்வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடும். வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பியவர் பிற்பகல் 2 மணிக்குப் படுத்திருப்பார். மாலை 5 மணிக்கு மேல் போங்கள். மழை நாளில் வேலை இல்லை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் போடுவதும் தப்பு. அன்றைய கூலி போன கடுப்பில் இருப்பவரிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சரியான பதில் வராது. சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதையடுத்த சனி ஞாயிறில் குடும்பமே பட்டணத்தில் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும். அன்று நிகழ்ச்சி வைத்தால் நாற்காலிகள்தான் கேட்கும்.

தோட்டத்து மக்களை லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தேடுவது

தோட்டங்கள் விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் மலிவு விலைத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு)ப் போய்விட்டன. இன்று லயத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் இருப்பார்கள். கோவில் மட்டும் பழைய இடத்தில் இருக்கும். திருவிழாவுக்கு எல்லாரும் அங்கே திரும்புவார்கள். ஆட்களைப் பிடிக்க வேண்டுமானால் கோவில் கமிட்டியிடம் போங்கள். தோட்டம் தனியார் நிலம். உள்ளே நுழைய நிர்வாகியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். மண்டோர் (வேலைக் கங்காணி) தலையாட்டியது போதாது.

கணக்கெடுத்துவிட்டுக் காணாமல் போவது

எரிச்சல் அடங்காத விஷயம் இதுதான். ஒரே 40 வீட்டு வரிசைக்கு மருத்துவத் துறை ஒரு பாரம், சமூகவியல் ஒரு பாரம், வணிகம் ஒரு பாரம். ஒரு துறை போனது இன்னொரு துறைக்குத் தெரியாது. கேட்டால், “என்ன தம்பி, மறுபடியுமா? போன மாசம்தான் ஒரு பிள்ள வந்து எழுதிட்டுப் போச்சு. என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல” என்பார் அந்த வீட்டுப் பாட்டி. கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள் மேலுள்ள கோபம் அடுத்து வருகிறவன் தலையில்தான் விழும். மூன்றாவது முறை பதில்கள் எல்லாமே ‘ஆம்’ என்று வரும். சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அர்த்தத்தில் சொல்லப்பட்ட ‘ஆம்’ அது. அந்தத் தரவை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்களை என்ன சொல்வது!

பாரத்திலேயே கோளாறு ஆரம்பிக்கிறது. பெயர் வேண்டாம், ரகசியம் காப்போம் என்று மேலே எழுதிவிட்டுக் கீழே ஐசி (அடையாள அட்டை) எண் கேட்பார்கள். அந்த 12 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பது. பெயரை மறைத்து என்ன பயன்? அதைவிட மோசம், குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை) வைத்திருப்பவரோ ஐசியே இல்லாதவரோ பக்கத்து வீட்டுக்காரர் காதுபட அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது. வயது மட்டும் கேளுங்கள்; அதையும் பத்து பத்து வருடமாகப் பிரித்துக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்தத் துறை, எந்த வரிசை வீடுகளுக்கு, எந்த மாதம் போனது என்று பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே பதிவேடு. ஒரு வரிசைக்கு ஆண்டுக்கு ஒரு பாரம்; இரண்டு துறைக்கு வேண்டுமானால் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். 20 கேள்விக்கு மேல் வேண்டாம். பாரம் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும், படித்துக் காட்ட ஆள் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் முடிவை ஒரே தாளில் அச்சடித்து, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: 40 வீட்டில் ‘இருவருக்கு மனநல மருந்து’ என்று சொன்னால் அந்த இருவர் யார் என்று மண்டபத்துக்கே தெரியும். ஐந்துக்குக் குறைந்த எந்த எண்ணிக்கையையும் வெளியில் சொல்லாதீர்கள். மாணவர் படித்து முடித்துப் போய்விட்டார் என்பது சாக்காகாது. வாசிக்கும் பொறுப்பு மேற்பார்வையாளருடையது.

தமிழ்ப்பள்ளிக்கு நேரே போய் நிற்பது

தலைமையாசிரியர் சரி என்றாலும் ஆய்வு நடத்த முடியாது. கல்வி அமைச்சின் திட்டமிடல், ஆய்வுப் பிரிவு அனுமதிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். செமஸ்டர் பாதியில் விண்ணப்பிக்காதீர்கள்.

‘வளாகத்துக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பல்ல’

தாமானில் ஒரு வீட்டை ஆறு மாணவர்கள் பகிர்ந்து எடுத்தால் அந்த வாடகையைத் தனிக் குடும்பத்தால் கொடுக்க முடியாது. அதோடு வாசலை அடைத்து நிற்கும் மோட்டார்சைக்கிள்கள், நடுராத்திரிக் கூச்சல். குறைந்தபட்சம், இரவு 11 மணிக்கும் ஆள் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்றை அந்தத் தெருவுக்குக் கொடுங்கள். பாதுகாவலர் எடுத்து, “நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க” என்று சொல்லும் எண் வேண்டாம்.

கோவில் மண்டபம்

கேட்காவிட்டாலும் வாடகை கொடுங்கள். ரசீது வாங்குங்கள்.

கோத்தோங் ரோயோங் (கூடிச் செய்யும் பொதுவேலை)

பெயிண்ட் அடிக்குமுன் கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

மேடையில் படம் பிடிக்க நீட்டும் அட்டைக் காசோலை

வேண்டாம்.

இன்னுமொரு தன்முனைப்பு முகாம்

தோட்டத்துப் பிள்ளைகள் கேட்ட ஊக்க உரைகள் ஏழு ஜென்மத்துக்குப் போதும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவனுக்கு யூபியூ (அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் போடுவது என்று உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனுக்கு எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும் என்பது பல வீடுகளுக்குக் கடைசி நாளில்தான் தெரிகிறது. விண்ணப்பம் திறந்திருக்கும் வாரங்களில் இரண்டு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், அந்தப் படிப்பையே படிக்கும் நான்கு மாணவர்கள் என்று மாலை 5 முதல் 9 வரை மண்டபத்தில் உட்காருங்கள். அப்பாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி முதல் நாளே அறிவித்துவிடுங்கள். அதை எடுக்க வீட்டுக்குப் போகிற பிள்ளை பெரும்பாலும் அன்று திரும்பி வருவதில்லை.