பிடித்த அனிமே படமாக வந்தால்: எழுத உட்காரும் ரசிகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனதுக்குப் பிடித்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், திரைப்படமாக வந்துவிட்டால் அன்றிரவே எழுத உட்கார்ந்துவிடுகிறோம். அந்த வேகம் எனக்குப் பிடிக்கும். புதிதாக எழுத வருகிறவர்களைத் தேடிப்பிடித்துப் படிக்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். பாத்திரத்தின் பெயரைத் தப்பாக எழுதுவது, தலைப்பிலேயே கிளைமாக்ஸைப் போட்டு உடைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வைக்குச் சின்னதாக இருந்து எழுத்தையே கெடுத்துவிடுகிற சிலதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஸ்லாம் டங்க் (கூடைப்பந்து), ஹைக்யூ (வாலிபால்) படங்களின் இறுதிக் காட்சிகளைத் தொட்டிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இரண்டாவது பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

படம் தொடரில் எங்கே வருகிறது என்று பார்க்காமல் எழுதுவது

தொடரை ஒட்டி வரும் படங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. 2001இல் வந்த ‘கவ்பாய் பீபாப்’ படம், கதைப்படி 22ஆம் எபிசோடுக்கும் 23ஆம் எபிசோடுக்கும் நடுவில் நடக்கிறது. தொடரின் முடிவைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு நாயகன் ஸ்பைக் சாவகாசமாக நடந்து வருவதே தொண்டையை அடைக்கும். 2014இல் வந்த ‘தி லாஸ்ட்’, நருட்டோ மாங்காவின் (மாங்கா என்றால் ஜப்பானியக் காமிக்ஸ்) 699, 700 என்ற கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு இடையே விட்டுப்போன காலத்தைச் சொல்கிறது. ‘ஜுஜுட்சு கைசென் 0’ பின்னோக்கிப் போய், தொடரின் நாயகன் இடடோரி வருவதற்கு முந்தைய யூட்டாவின் கதையைச் சொல்கிறது. ‘முகென் ட்ரெயின்’ டீமன் ஸ்லேயர் தொடரின் முதல் சீசன் விட்ட இடத்திலிருந்து நேராகத் தொடர்கிறது. 2021இல் அதையே ஏழு எபிசோடுகளாகத் தொலைக்காட்சிக்கும் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்றையாவது பார்க்காமல் அடுத்த ஆர்க்குக்கு (கதைப்பகுதிக்கு) போனால், ரெங்கோகு என்ற வீரனின் பெயர் வந்ததும் எல்லோரும் ஏன் கலங்குகிறார்கள் என்று விளங்காது.

அதிகம் பேர் சறுக்குவது ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்டில்தான். அந்தப் பெயரில் இரண்டு தொடர்கள் உண்டு. 2003இல் வந்தது 51 எபிசோடு. மாங்கா முடியாத காலம் என்பதால் தனக்கென ஒரு முடிவை அமைத்துக்கொண்டது. 2009இல் வந்த ‘பிரதர்ஹுட்’ 64 எபிசோடு, மாங்காவின் வழியிலேயே போகிறது. 2005இல் வந்த ‘கான்கரர் ஆஃப் ஷம்பாலா’ படம் முதல் தொடரின் தொடர்ச்சி. ‘பிரதர்ஹுட்’ மட்டும் பார்த்த ஒரு தம்பி இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘நாயகன் எட்வர்டை ஜெர்மனியில் கொண்டுபோய்த் தள்ளி நாசம் பண்ணிவிட்டார்கள்’ என்று பக்கம் பக்கமாகக் கொட்டியிருந்தார். அவர் பார்த்தது அவருக்குப் பழக்கமே இல்லாத வேறொரு எட்வர்டை. கோபம் வீணானது ஒரு பக்கம். அருமையான அந்த முதல் தொடரின் முடிவும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துபோயிற்று. அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

மாங்காவைக் கையில் பிடித்துக்கொண்டு டிக் அடிப்பது

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

‘அந்தக் காட்சி வரவில்லை. இந்த வசனத்தை வெட்டிவிட்டார்கள். இவனுடைய பேக்ஸ்டோரியைக் காணோம். ஆகவே ஏமாற்றம்.’ படம் எதுவானாலும் இந்த அச்சு மாறுவதில்லை.

ஸ்லாம் டங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த மாங்கா. 1993இல் தொடங்கி 101 எபிசோடு ஓடிய தொலைக்காட்சித் தொடர், ஷோஹோகு அணி சன்னோ அணியோடு மோதும் பெரிய ஆட்டத்தைத் தொடாமலேயே நின்றுபோனது. அந்த ஆட்டத்தைத் திரையில் பார்க்க ரசிகர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். 2022 டிசம்பரில் ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ வந்தது. எழுதி இயக்கியவர் இனோவேயேதான்.

வந்து பார்த்தால், படத்தின் மையம் மாங்காவின் நாயகன் சகுராகி இல்லை, அதே அணியின் மியாகி ரியோட்டா. மாங்காவில் அணியின் ஐந்து பேரில் முன்கதை அதிகம் சொல்லப்படாதவன். படம் அவனுடைய ஒகினாவா சிறுவயதுக்குப் போகிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணன் சோட்டாவையும், அந்த இழப்போடு மல்லுக்கட்டும் அம்மாவையும் காட்டுகிறது. அதற்கு இடம் வேண்டுமே? மாங்காவின் பல நகைச்சுவைத் துணுக்குகளும் சில முன்கதைகளும் போய்விட்டன.

என்னோடு பார்த்த நண்பர் மாங்காவைக் கரைத்துக் குடித்தவர். ஆட்டம் தொடங்கியதிலிருந்து, ‘இங்க ஒரு சீன் இருக்கணுமே’, ‘சகுராகியோட அந்த ஜோக் போச்சு’ என்று காதருகில் கணக்கெடுத்துக்கொண்டே வந்தார். வெளியே வந்ததும் விடுபட்டவற்றின் நீளமான பட்டியலை ஒப்பித்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டேன். பிறகு, ‘கடைசி நொடிகளில் சத்தமே நின்றுபோனதே, அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டேன். ‘அதுவா… ஆமா, சைலன்ட்டா இருந்துச்சு’ என்றார். அவ்வளவுதான்.

அந்த இடத்தை இப்படித் தவறவிடலாமா? மாங்காவில் அந்த இறுதிக் கட்டம் வசனமில்லாமல் பக்கம் பக்கமாக நகரும். படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டுவார். வேகம் அவருடைய விரலில் இருக்கும். திரையில் அந்த வேகம் பார்ப்பவர் கையில் இல்லை. அதனால் இனோவே கூட்டத்தின் இரைச்சல், பந்து தரையில் மோதும் ஒலி, இசை என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். உடல்கள் மட்டும் ஓடுகின்றன. பக்கத்தைப் புரட்டும்போது வந்த அதே மூச்சடைப்பு, முற்றிலும் வேறு வழியில், அரங்கிலிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. மாங்காவுக்கு இதைவிட விசுவாசமாக ஒரு படம் எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. டிக் அடிக்கிறவரின் பட்டியலில் இதற்கு ஒரு கட்டமே கிடையாது. ‘கடைசி ஷாட்: உண்டு’ என்று ஒரு டிக் விழும். நண்பருக்கும் அப்படித்தான் விழுந்தது.

2024இல் வந்த ஹைக்யூ படத்துக்கும் இதே கதிதான். 85 நிமிடத்துக்குள் கரசுனோ–நெகோமா அணிகளின் ஆட்டம் முழுவதையும் அடைத்திருக்கிறார்கள். நிறைய வெட்டியிருக்கிறார்கள்; அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் கடைசி ராலியில் கேமரா நெகோமா வீரன் கென்மாவின் கண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. அவனுடைய மூச்சிரைப்பு, அவன் விழும் தரை, அவன் தலைக்கு மேல் வரும் பந்து. தொடர் முழுக்க வாலிபாலில் பட்டும் படாமலும் நின்றவன் முதல்முறையாக ஆட்டத்துக்குள் முழுதாகச் சிக்கிக்கொண்டதை நம் உடம்பிலேயே உணர வைக்கிறார்கள். மாங்காவால் இப்படிச் செய்ய முடியாது. விடுபட்ட காட்சிகளின் பட்டியல் போட்டவர்கள் பலர் இந்த ஷாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. படித்தபோது உண்மையாகவே கோபம் வந்தது.

டிக் அடிப்பதால் எழுத்துக்கும் நஷ்டம்தான். மாங்கா படித்தவருக்கு உங்கள் பட்டியல் ஏற்கெனவே தெரியும். படிக்காதவருக்கு அதில் ஒன்றுமே புரியாது. பிறகு யாருக்காக எழுதுகிறீர்கள்?

வெட்டியதைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெட்டியதால் படத்துக்குள் என்ன உடைந்தது என்று காட்டுங்கள். ‘மியாகியின் முன்கதை ஆட்டத்தின் நடுவே அடிக்கடி புகுந்து வேகத்தை அறுக்கிறது’ என்று ஒருவர் எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் உட்கார்ந்து படிப்பேன், ஏனென்றால் அவர் படத்தைப் பார்த்திருக்கிறார். மாங்காவே தெரியாத ஒருவர் அந்த இடத்தில் தடுமாறுவாரா என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறுவார் என்றால் அது படத்தின் குறை. இல்லையென்றால் அது உங்கள் ஏக்கம். ஏக்கத்தையும் தாராளமாக எழுதலாம், ஏக்கம் என்று சொல்லிவிட்டு.

நடைமுறைக்கு ஒன்று: படத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் மாங்காவை மறுபடி படிக்காதீர்கள். பார்த்துவிட்டு வந்து படியுங்கள். படம் என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.

‘அனிமேஷன் வேற லெவல்’

எந்தக் காட்சியில்? என்ன அசைந்தது? அதை எழுதுங்கள்.

ரீகேப் படத்தைப் புதுப் படம்போல் எழுதுவது

மடோகா மாஜிகாவின் முதல் இரண்டு படங்கள் (2012) தொடரின் சுருக்கம். மூன்றாவது (2013) புதுக் கதை. தெரிந்துகொண்டு போங்கள்.

வசூலைக் காட்டி வாதாடுவது

‘முகென் ட்ரெயின்’ ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, 2001 முதல் முதலிடத்தில் இருந்த ‘ஸ்பிரிட்டட் அவே’யைத் தாண்டியது. 2020இல், பெருந்தொற்றுக்கு நடுவில். பெரிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் விடிவதற்கு முந்தைய அந்த நேரத்தில் ரெங்கோகு நிற்கும் நிலையைப் பார்த்து உங்களுக்கு ஏன் அழுகை வந்தது என்பதற்கு வசூல் பதில் சொல்லாது.

அழுதேன் என்று மட்டும் சொல்வது

அழுததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணீர் எங்கிருந்து கிளம்பியது என்பதைத்தான் காட்ட வேண்டும். 2020இல் வந்த ‘வயலெட் எவர்கார்டன்’ படம், மறைந்துபோன பாட்டியின் வீட்டில் பழைய கடிதங்களைக் கண்டெடுக்கும் பேத்தியில் தொடங்குகிறது. அந்தப் பாட்டி யார்? தொடரின் 10ஆம் எபிசோடில் வந்த சிறுமி ஆன். நோயாளியான அவள் அம்மா, தான் போன பிறகு மகளுக்குப் பிறந்தநாள்தோறும் போய்ச் சேர வேண்டுமென்று பிறருக்காகக் கடிதம் எழுதித் தரும் வயலெட்டைக் கொண்டு 50 கடிதங்கள் எழுத வைத்திருப்பாள். படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே ஒரு முழு ஆயுள் கடந்து போய்விட்டதை உணர்கிறோம். இதைச் சொல்லிவிட்டு அழுதேன் என்று எழுதுங்கள். தொடரைப் பார்க்காதவருக்கும் பிடிபடும்.

இதே படத்தைப் பற்றி இன்னொன்று. 2019 ஜூலை 18 அன்று நடந்த தீவைப்பில் இதை எடுத்த கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோ 36 பேரை இழந்தது. அதை நினைக்காமல் இந்தப் படத்தைப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் படத்தில் வரும் ஒவ்வொரு மரணத்துக்கும் அந்தத் தீயையே அர்த்தமாக ஒட்டுவது நியாயமில்லை. இறந்தவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால், அவர்கள் கைபட்ட வேலையைக் கூர்ந்து பார்த்து எழுதுங்கள்.

படம் வருமுன் இருந்த கோபத்தை அப்படியே நகலெடுப்பது

ஸ்லாம் டங்க் படத்துக்குப் பழைய குரல் கலைஞர்கள் இல்லை என்று தெரிந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் குரல்களோடு வளர்ந்தவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் படம் பார்த்த பிறகும் அதே வரிகளை எழுதுவதானால், பார்க்க எதற்குப் போனீர்கள்? புதிய மியாகியின் குரல் எந்தக் காட்சியில் ஒட்டவில்லை என்று சொல்லுங்கள். ஒட்டிவிட்டது என்றால் அதையும் சொல்லுங்கள்.

டப்பிங்கா, சப்டைட்டிலா என்று சொல்லாமல் விடுவது

முதல் பத்தியிலேயே ஒரு வரி. போதும்.

பாதியில் நிற்கும் படத்துக்கு இறுதித் தீர்ப்பு எழுதுவது

டீமன் ஸ்லேயரின் ‘இன்ஃபினிட்டி காசில்’ மூன்று படங்களாகத் திட்டமிடப்பட்டது. 2025 ஜூலையில் வந்தது முதல் பாகம், இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அகாசா என்ற அரக்கனின் முன்கதை சண்டையின் நடுவே மிக நீளமாக ஓடுகிறதா? இந்தப் படத்துக்குள்ளேயே பதில் இருக்கிற கேள்வி அது, அடித்து எழுதுங்கள். நீளம்தான், ஆனால் அந்த நீளம் தேவை என்பது என் கட்சி. டோமா என்ற அரக்கனை வைத்து வீராங்கனை ஷினோபுவின் கதைக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள். டோமாவின் கணக்கு அடுத்த பாகத்துக்குப் பாக்கி இருக்கிறது.