லயத்துக்குப் பக்கத்தில் ஒரு தீயணைப்புக் கொட்டில் போடுவது எப்படி

இலங்கை மலையகத்தில் தீயணைப்பு வண்டி டவுனில் நிற்கும், தீ தேயிலைத் தோட்டத்தில் பிடிக்கும். நடுவில் கிடக்கும் பாதைதான் லயத்தை, தொழிலாளர் குடும்பங்களின் காம்பராக்கள் (அறை வீடுகள்) ஒட்டி வரிசையாக இருக்கும் கட்டடத்தை, எரிக்கிறது. வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து இதைப் பல வருடம் பார்த்தவன் நான். ஒரு நகரத்தின் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு லயக் காம்பராவில். சைரன் போட்டுக்கொண்டு வளைவு வளைவாக ஏறிப் போய்ச் சேரும்போது, அநேகமாகக் கூரைத் தகரம் கீழே விழுந்திருக்கும். சனம் கானோரம் (வடிகாலோரம்) நின்று அழுதுகொண்டிருக்கும்.

நம் நாட்டில் தீயணைப்புப் பிரிவு என்பது பெரும்பாலும் மாநகர சபையின் சொத்து, அல்லது நகர சபையின் சொத்து. கண்டிக்கு ஒன்று இருக்கிறது, நுவரெலியாவுக்கு ஒன்று இருக்கிறது. தோட்டத்துக்கென்று ஒன்றும் இல்லை. அது வரும்வரை தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும், அதாவது டிவிசனிலும், நாமே ஒரு சின்னக் கொட்டில் போட்டு, தண்ணீரும் ஹோஸும் ஆளும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. எப்படி என்று சொல்கிறேன். இடையிடையே லண்டன், நியூயோர்க் தீயணைப்பு நிலையங்களின் கதையும் வரும். அந்த ஊர்க்காரர்கள் எரிந்து எரிந்து கற்ற பாடத்தை நாம் சும்மா எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் பாதையை அளந்து பாருங்கள்

டவுனில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து உங்கள் லயம் வரைக்கும் ஒரு தடவை முச்சக்கர வண்டியில் வாருங்கள். கையில் கொப்பி இருக்கட்டும். எத்தனை நிமிடம், எந்தப் பாலம் ஒடுக்கம், எந்த வளைவில் பெரிய லொறி பின்னுக்கு எடுத்துத்தான் திரும்ப வேண்டும், தோட்டத்துக் கேற்றை இரவில் யார் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம், எல்லாவற்றையும் எழுதுங்கள். வண்டி கடைசியாக எங்கே நிற்கும், அங்கிருந்து லயத்துக்கு எத்தனை படி என்பதும் வேண்டும். படிகளில் ஹோஸ் இழுத்துக்கொண்டு ஏறுவது சின்ன வேலை இல்லை.

வந்த நிமிடங்களைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். காய்ந்த பலகையும் பொலித்தீனும் துணிமூட்டையும் நிறைந்த ஒரு காம்பரா சில நிமிடங்களில் முழுவதும் பற்றிவிடும். அதனால் அந்த முதல் நிமிடங்கள் உங்கள் கையில்தான்.

ஆட்களை யார் என்று பார்த்துச் சேருங்கள்

எல்லோரும் இளைஞர் அணி என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் வேண்டாம் என்பேன். பகலில் அவர்கள் மலையில் வேலையில் நிற்பார்கள், இல்லாவிட்டால் கொழும்பில் கடையில் நிற்பார்கள். லயம் பகலில் பற்றினால் அங்கே இருப்பது பென்சன் எடுத்த தாத்தாமார், பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்) ஆயா, கைக்குழந்தைக்காரிகள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். அணியின் பாதி ஆட்கள் இவர்களிடமிருந்தே வர வேண்டும். பெண்கள் கட்டாயம் வேண்டும். எந்தக் காம்பராவில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், யார் வீட்டுப் பிள்ளை உள்ளே தனியாக இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கை ஒருவர் எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். தண்ணீரை விட ஆள் கணக்கு முக்கியம்.

தண்ணீர்: மலை நமக்குத் தந்த வசதி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தீயணைப்பு வண்டியிலிருந்து ஒரு பெரிய ஹோஸ் நிமிடத்துக்கு 400, 500 லீற்றர் இறைக்கும். வண்டிக்குள் 4000 லீற்றர் இருந்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் தண்ணீர் தேடி ஓட வேண்டும். சமவெளியில் பம்ப் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நமக்கு அப்படி இல்லை. லயத்துக்கு மேலே மலை இருக்கிறது, மலையில் ஊற்று இருக்கிறது.

10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். லயத்துக்கு மேலே 30 மீற்றர் உயரத்தில் ஒரு தொட்டி கட்டினால் கீழே 3 பார். மின்சாரமும் டீசலும் இல்லாமலே லயக் கூரைக்குத் தண்ணீர் அடிக்க அது போதும். ஆனால் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போடும் அரை அங்குலக் குழாயைப் போட்டால் அழுத்தம் எல்லாம் குழாய்க்குள்ளேயே தேய்ந்து போகும், வாளி நிரம்பவே நேரம் எடுக்கும். 2 அங்குலக் குழாய் போடுங்கள். லயத்தின் நடுப்பக்கம் ஒரு வால்வு, அதில் ஹோஸ் மாட்டும் வாய். ஹோஸ் நுனியில் 12 மில்லிமீற்றர் வாய் வைத்தால் 5000 லீற்றர் தொட்டி ஏறக்குறைய அரை மணி நேரம் தாங்கும். டவுனிலிருந்து வண்டி வர அந்த நேரம் பெறுமதியானது.

தொட்டியைக் குடிதண்ணீருக்கும் பயன்படுத்தலாம். ஆனால் குடிதண்ணீர்க் குழாயைத் தொட்டியின் பாதி உயரத்தில் பொருத்துங்கள், தீக்குழாயை அடியில் பொருத்துங்கள். அப்போதுதான் வறட்சி மாதத்தில் எல்லோரும் எடுத்து முடித்தாலும் அடிப்பாதி தீக்கென்று நிற்கும். சுற்றி மானாப்புல் இருக்கும் தோட்டங்கள், முக்கியமாக ஊவாப் பக்கம், இதை மறக்கவே கூடாது. அங்கே காற்றடிக்கும் மாதத்தில்தான் புல் எரியும், தண்ணீரும் அப்போதுதான் குறையும்.

டவுன் வண்டி தண்ணீர் உறிஞ்சக்கூடிய ஆற்றுப் பள்ளம் ஏதும் பாதையோரம் இருந்தால் அங்கே ஒரு சிவப்புப் பலகை நடுங்கள். இருட்டில் நாங்கள் தேடித் திரியக் கூடாது.

கொட்டில்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்குப் பக்கம் நாலு கம்பம், மேலே தகரம், பூட்டு இல்லாத கதவு. உள்ளே இரண்டு சுருள் ஹோஸ், வாளிகள், மணல், சாக்கு, ஒரு ஏணி, நீளக் கம்பில் கொக்கி, டோர்ச், கோடாலி. கொக்கி எதற்கு என்று கேட்பீர்கள். பற்றாத காம்பராவின் பரணிலிருந்து விறகையும் அட்டையையும் பொலித்தீனையும் தரையில் நின்றே இழுத்துப் போட. தகரத்தின் மேல் யாரும் ஏறக் கூடாது. பழைய கூரைச் சட்டம் எரியும்போது ஆளைத் தாங்காது.

ஹோஸை நனைந்தபடி சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துப் பொத்துவிடும். பழைய தீயணைப்பு நிலையங்களில் உயரமான கோபுரம் பார்த்திருப்பீர்கள். ஊரில் எங்கே புகை என்று பார்க்கவும், ஹோஸைத் தொங்கவிட்டுக் காயவைக்கவும் கட்டியது அது. ஆட்கள் சறுக்கி இறங்கும் அந்தக் கம்பம் 1878இல் சிக்காகோவில் 21ஆம் இலக்க நிலையத்தில் வந்தது. அது கறுப்பினத் தீயணைப்பாளர்களின் நிலையம். நம் கொட்டிலுக்குக் கம்பமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஹோஸைப் போட்டுக் காயவைக்க ஒரு உயரமான மரக்கிளை இருந்தால் போதும், ஆனால் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

சத்தம்

தொலைபேசியில் குழுச் செய்தி போட்டால் பத்துப் பேர் பார்ப்பார்கள், நாலு பேர் அடுத்த நாள் பார்ப்பார்கள். தப்பு (பறை) அடியுங்கள். கோயில் மணியும் நல்லது. சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்காத ஒரு தாளத்தைத் தீக்கென்று வையுங்கள், பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கட்டும். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சங்கை ஊத தொழிற்சாலை அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

தப்பு அடிக்கும்போதே இன்னொருவர் தீயணைப்பு அவசர இலக்கமான 110க்கு அழைக்க வேண்டும். டவுன் பிரிவின் நேரடி இலக்கத்தையும் கொட்டில் கதவில் பெயின்றால் எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், இந்த மூன்றையும் சொல்லுங்கள். சந்தியில் ஒரு ஆளை டோர்ச்சோடு நிறுத்துங்கள். அந்த ஒரு ஆள் மிச்சப்படுத்திய நேரத்தால் முழு லயமும் தப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சாரத்தின் பிரதான சுவிட்சை அணைக்காமல் தண்ணீர் அடிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, நனைத்துப் பிழிந்த சாக்கால் மூட வேண்டும். கேஸ் சிலிண்டரை எட்ட முடிந்தால் மூடி வெளியே எடுங்கள். எட்ட முடியாவிட்டால் எல்லோரும் விலகி நில்லுங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கச் சிலிண்டர் வெடித்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கூரைக்குள் சுவர்

லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் ஏன் எல்லாக் காம்பராவும் போகிறது? பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. சுவருக்கு மேலே கூரைக்கடியில் ஒரே வெளி. தீ அந்த வழியே ஓடும். 1666இல் லண்டன் எரிந்த பிறகு வந்த சட்டம் வீடுகளைச் செங்கல்லிலும் கல்லிலும் கட்டச் சொன்னது. 1707இல் வந்த சட்டம் பக்கத்து வீட்டுக்கு நடுவிலுள்ள சுவரைக் கூரைக்கு மேலேயும் உயர்த்தச் சொன்னது. தீயணைப்பு நிலையம் எதுவும் ஒழுங்காக இல்லாத காலத்திலேயே அந்த நகரத்தைக் காப்பாற்றியதில் அந்தச் சுவருக்குப் பங்கு உண்டு. உங்கள் லயத்தில் எல்லாச் சுவரையும் உயர்த்தக் காசு இல்லாவிட்டால் மூன்று காம்பராவுக்கு ஒன்றையாவது தகரம் தொடும் வரைக்கும் கல் வைத்துப் பூசுங்கள். வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. லயத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை.

தகரப் பெட்டி

ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன மலையகச் சனம் நாங்கள். 2003இல் பிரஜாவுரிமை தந்த சட்டம் வரை கடதாசிக்காக, மாவட்டச் செயலகமான கச்சேரியின் படி ஏறியவர்கள் எங்கள் தாய் தகப்பன். சட்டி பானையை மறுபடி வாங்கலாம். தாத்தாவின் பதிவுக் கடதாசி எரிந்தால் மறுபடி எடுக்க எவ்வளவு அலைச்சல் என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கி ஓட வீட்டில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஆனால் உள்ளே நெருப்பு வந்துவிட்டால் பெட்டிக்காகத் திரும்பிப் போகக் கூடாது. அதனால் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வேறு லயத்துச் சொந்தக்காரர் வீட்டிலும் வையுங்கள்.

தீ பிடிக்காத வருடங்கள்

கொட்டில் போடுவது கஷ்டமில்லை. தீயே பிடிக்காத ஐந்து வருடத்துக்கு அப்புறமும் அது கொட்டிலாகவே இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கும் இடமாக அது மாறிவிடும்.

லண்டனிலும் இதே கதைதான். அந்த 1707 சட்டம் ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் தீயணைக்கும் இயந்திரம் வைத்திருக்க வேண்டும் என்றது. வாங்கினார்கள், வைத்தார்கள், பல இடங்களில் துருப்பிடிக்க விட்டார்கள். உண்மையில் வேலை செய்தவை காப்புறுதிக் கம்பனிகளின் அணிகள். தங்களிடம் காப்புறுதி செய்த வீடுகளில் ஈயத் தகடு பதித்தார்கள். தகடு இல்லாத வீட்டை எரியவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று சொல்வது மிகைப்படுத்தல், ஆனால் அணி யாருடைய சொத்தைக் காக்க வைக்கப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. 1833இல் அந்தக் கம்பனிகள் சேர்ந்து ஒரே அணி அமைத்தன. ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைவர், 80 பேர், 13 நிலையங்கள். 1861 ஜூனில் தூலி வீதியில் ஆற்றோரக் கிடங்குகள் பற்றின. சணல், பருத்தி, சீனி, தேயிலை எல்லாம் இரண்டு வாரம் எரிந்தது. பிரெய்ட்வுட் மீது சுவர் விழுந்து இறந்தார். நட்டம் தாங்காமல் கம்பனிகள் இனி எங்களால் முடியாது என்று அரசாங்கத்திடம் சொல்லிவிட்டன. 1866இலிருந்துதான் லண்டனுக்குப் பொதுப் பணத்தில் தீயணைப்புப் படை வந்தது.

இதில் நமக்கு வேண்டியது இருக்கிறது. பல தோட்டங்களில் ஸ்டோருக்கு ஹோஸும் தொட்டியும் உண்டு, லயத்துக்கு இல்லை. ஸ்டோர் தொட்டியிலிருந்து லயத்துக்கு ஒரு கிளைக் குழாய் கேளுங்கள். தொழிற்சங்கத் தலைவர் மூலமாக, எழுத்தில் கேளுங்கள்.

நிலையம் வந்தாலும் அது நிலைக்கும் என்று இல்லை. நியூயோர்க்கில் 1970களில் பணமுடை வந்தபோது தீ அதிகமாகப் பிடித்த ஏழைப் பகுதிகளிலேயே அணிகளைக் கலைத்தார்கள். புரூக்ளினில் 212ஆம் இலக்க அணியை 1975இல் மூட வந்தபோது சனம் கட்டடத்துக்குள் புகுந்து வண்டியை வெளியே விடாமல் அங்கேயே படுத்து உறங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் போராடித் திரும்பப் பெற்றார்கள். 2003இல் அது மறுபடி மூடப்பட்டது. லண்டனில் 2014 ஜனவரியில் ஒரே நாளில் 10 நிலையங்கள் மூடப்பட்டன. அதில் 1872இலிருந்து நடந்துவந்த கிளாக்கன்வெல்லும் ஒன்று. தீ விபத்துகள் குறைந்துவிட்டன என்பதும் மூடியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. லண்டனிலேயே 1889இல் கட்டிய மான்செஸ்டர் சதுக்க நிலையம் 2005இல் மூடப்பட்டு, பிறகு பணக்கார ஹோட்டலாகி, 2025இல் அதுவே தீப்பிடித்தது.

ஆகவே கொட்டிலில் ஒரு பதிவுக் கொப்பி தொங்கட்டும். சின்னத் தீயையும் எழுதுங்கள்: அடுப்பிலிருந்து தெறித்த பொறி, சூடேறிய வயர், புல்லு மலையில் யாரோ வைத்த நெருப்பு. நாள், நேரம், எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வந்தது, டவுன் வண்டி எத்தனை மணிக்கு வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வால்வைத் திறந்து ஹோஸ் பிடித்துப் பழகுங்கள், அன்றே கான்களையும் கழுவிவிடலாம். கோயில் திருவிழாக் கூட்டத்தில் கொட்டிலின் கணக்கையும் வாசியுங்கள்.

ஒரு வருடக் கொப்பி சேர்ந்தவுடன் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுங்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து தோட்டத்துக்குள் செலவழிக்கப் பிரதேச சபைக்கு வழி இருக்கிறது, அதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பொதுவாக வசதி வேண்டும் என்று எழுதாதீர்கள். இந்தச் சந்தியில் ஒரு வண்டியும் ஆட்களும் நிறுத்தினால் இன்னின்ன தோட்டங்களுக்கு இத்தனை நிமிடத்தில் போகலாம் என்று, நீங்கள் முச்சக்கர வண்டியில் அளந்த கணக்கைப் போடுங்கள். பதிவுக் கொப்பியின் பிரதியை இணையுங்கள். பக்கத்துத் தோட்டங்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். கடிதம் கிடைத்ததற்கு முத்திரை குத்திய பிரதியைக் கேட்டு வாங்கி, அதையும் தகரப் பெட்டிக்குள் வையுங்கள்.