ஓதம் ஏறிய சுவரும் அப்பாவின் கரண்டியும்

கும்பகோணத்தில் வீட்டு ரிப்பேர், உள் அலங்கார வேலைகள் எடுத்துச் செய்கிறேன். தாத்தாவும் அப்பாவும் கொத்தனார்கள். எனக்குக் கூடுதலாக ஒரு லேப்டாப், அவ்வளவுதான்.

போன ஆடியில் ஒரு பழைய ஓட்டு வீடு. கூடத்துச் சுவரில் இடுப்பளவு ஓதம், அதாவது தரையிலிருந்து ஏறிய ஈரம். தொட்டால் உப்பு மாவாய்க் கொட்டியது. யாரோ சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் பெயிண்டும் அடித்திருந்தார்கள். அப்பா தட்டிப் பார்த்துவிட்டு, "சிமென்ட்ட உரிச்சு எடுடா, ஈரம் வெளிய போக வழியில்ல" என்றார். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் டெல்டா மண்ணின் ஈரம் செங்கல்லில் ஏறத்தான் செய்யும்.

ஓதத்துக்கு மேலே ஓரடி சேர்த்து உரித்தோம். உப்பைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் தட்டினோம். கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும். ஊறிய சுண்ணாம்பு 1, மணல் 3. கலக்கக் கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் வெல்லம். பதம் கேட்டால் அப்பா கரண்டியைச் சரிப்பார்: கலவை வழுக்காமல் நிற்க வேண்டும். மெல்லிசாக இரண்டு பூச்சு, சட்டென்று காயாமலிருக்க மேலே ஈரச் சாக்கு, கடைசியில் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. வீட்டுக்காரர் பெயிண்ட் கேட்டார், அது திரும்ப ஈரத்தை அடைத்துவிடும், முடியாது என்றுவிட்டேன்.

இப்போது எஸ்டிமேட்டில் சுண்ணாம்புப் பூச்சைத் தனியாக ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். நாளும் கூலியும் கூடும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.