பினாங்கு நீரிணையில் கப்பல்களின் பேச்சைக் கேட்பது எப்படி?

பட்டர்வொர்த்துக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் நடுவே உள்ள கடலில் வானொலிப் பேச்சுக்குக் குறைவே இல்லை. சரக்குக் கப்பல் துறைமுகத்தைக் கூப்பிடும். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் தனக்கு ஏணியை எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்று சொல்வார். இழுவைப் படகு பதில் தரும். ‘ரஜூலா’ கப்பலில் வந்த நம் பாட்டன்மார் கடந்த நீர் இது. அதனாலேயே எனக்கு இந்தப் பேச்சின்மேல் தனிப் பிரியம்.

கருவி வாங்கும் முன்

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆவது பிரிவு, முறையான அனுமதியின்றிப் பிறர் தொடர்பை இடைமறிப்பதையும் வெளியிடுவதையும் தடுக்கிறது. ஆகவே எந்தக் கருவிக்கு ஒப்புதல் உண்டு, எதைக் கேட்கலாம் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதைப் பதிவு செய்து ஃபேஸ்புக்கில் போட வேண்டாம்.

ஒலிபரப்பும் வசதி உள்ள மலிவான வாக்கிடாக்கியை இதற்கு வாங்காதீர்கள். பொத்தான் தவறுதலாக அழுந்தினால் அவசரச் சேனலே அடைபட்டுவிடும். பல சேனல்களை மாறி மாறித் தேடும், கேட்க மட்டும் முடிகிற ஸ்கேனர்தான் சரி. அது 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்எம் முறையில் அலைகளைப் பிடிக்க வேண்டும்.

ஆண்டெனாவும் இடமும்

விலை உயர்ந்த ஸ்கேனரைவிட நல்ல ஆண்டெனாவும் நல்ல இடமும் முக்கியம். கால் அலை ஆண்டெனா என்றால் சுமார் 46 சென்டிமீட்டர் நீளம். செங்குத்தாக நிற்க வேண்டும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன, மலை மறைத்துவிடும். பினாங்கு மலையின் உயரம் 833 மீட்டர். அதற்கு மேற்கே பாலிக் புலாவில் இருப்பவருக்கு நீரிணைப் பேச்சு சரியாக வராது. பெரிய கப்பல்கள் வடக்கிலிருந்து நுழைவதால் பாடாங் கோத்தா லாமா கடற்கரை நல்ல இடம். நீரிணை தெரியும் அடுக்குமாடியின் மேல்மாடி கிடைத்தால் இன்னும் நல்லது. இடி மின்னல் வந்தால் வெளியே வைத்த ஆண்டெனாவைத் தொடாதீர்கள். மழைக்கு முன்பே கழற்றி வையுங்கள்.

சேனல்களை ஏற்றுதல்

முதலில் 16: 156.800 மெகாஹெர்ட்ஸ். அவசரத்துக்கும் கூப்பிடுவதற்கும் உலகம் முழுக்க இதுதான். அப்புறம் கப்பலுக்குக் கப்பல் பேசும் 6 (156.300), வழிப் பாதுகாப்புக்கான 13 (156.650), துறைமுகப் பணிக்கான 12 (156.600), 14 (156.700). சேனல் 70-ஐ விட்டுவிடுங்கள். அதில் டிஜிட்டல் ஒலி மட்டுமே வரும், ஸ்கேனர் வீணாக நின்று நின்று போகும்.

இரைச்சலை அடக்கும் திருகான ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று இரையும். அந்த இரைச்சல் அடங்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினால் தூரத்துக் கப்பல் கேட்காது.

இனிக் கேளுங்கள்

புதியவர்கள் பலர் 16-இலேயே உட்கார்ந்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். 16 வெறும் வாசல்தான். கூப்பிடப்படும் கப்பலின் பெயர், ‘திஸ் இஸ்’, சொந்தப் பெயர், பிறகு போகவேண்டிய சேனல், அவ்வளவே அங்கே. எண்ணைத் தனித்தனியாகச் சொல்வார்கள். ‘ஒன் டூ’ என்றால் 12. அது காதில் விழுந்ததும் நீங்களும் அந்தச் சேனலுக்குத் தாவுங்கள். உண்மையான பேச்சு அங்கேதான். எந்தச் சேனலுக்கு அடிக்கடி போகிறார்கள் என்று குறித்துவைத்தால், உங்கள் பட்டியல் தானாக உருவாகும். ஆங்கிலத்தோடு மலாயும் வரும், நமக்கு அது சிரமமில்லை.

கைப்பேசியில், கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் தாமாக அறிவிக்கும் ஏஐஎஸ் முறையின் வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்தால் பேசும் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியும். சர்வதேசப் பயணம் செல்லும் 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு ஏஐஎஸ் கட்டாயம். சிறு மீன்பிடிப் படகுகள் பல அதில் தெரியாது, வானொலியில் மட்டும்தான் கிடைக்கும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். உயிராபத்து அழைப்பான ‘மேடே’ மூன்று முறை கேட்டால் ஸ்கேனரை 16-இலேயே நிறுத்துங்கள். கப்பலின் பெயர், இடம், நேரம் மூன்றையும் எழுதுங்கள். யாரும் பதில் தரவில்லை என்றால் 999-ஐ அழைத்து அந்த மூன்றையும் சொல்லுங்கள்.