ராத்திரியில் மட்டும் அணையும் கேமரா

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்குள்ள கோயில் தலைவர் போன் செய்தார். “தம்பி, பகல் முழுக்க கேமரா நல்லா ஓடுது. ஏழரைக்கு மேல அணைஞ்சு அணைஞ்சு வருது. மூணு அடாப்டர் மாத்திட்டோம்.”

மூன்றுக்கும் கொடுத்த காசு வீண். கோயில் அறையிலிருந்து வாசல் கம்பம் வரை 60 மீட்டர் கேட் 5இ கேபிள், அதாவது ஜோடி ஜோடியாக மெல்லிய கம்பிகள் உள்ள நெட்வொர்க் கேபிள். ஒரு கம்பியில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, அதனால் கணக்குக்கு 120 மீட்டர் மெல்லிய செம்பு. தடை ஏறக்குறைய 10 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். அடாப்டர் தரும் 12-இல் மீதி 10 வோல்ட்டில் எப்படியோ சமாளிக்கும். இருட்டியதும் கேமரா இருளில் பார்க்க உதவும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்து 0.5 ஆம்பியர் இழுக்கும். போய்ச் சேர்வது 7 வோல்ட்தான். கேமரா விழுந்துவிடும். விளக்கு அணைந்ததும் வோல்ட் ஏறும், கேமரா எழும், விளக்கைப் போடும், மறுபடி விழும். விடிய விடிய இதே கூத்து.

2 ஆம்பியர் அடாப்டருக்குப் பதில் 5 ஆம்பியர் போட்டாலும் இது மாறாது. கேமரா தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். கேபிளின் தடை அப்படியேதான் இருக்கும்.

தலைவர் வோல்ட் மீட்டர் வைத்தும் பார்த்திருக்கிறார், 12 வோல்ட் காட்டியதாம். காட்டத்தான் செய்யும். கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் கேபிளில் மின்னோட்டமே இல்லை, இழப்பும் தெரியாது. கேமரா ஓடும்போதே, கம்பத்து முனையில் அளக்க வேண்டும். இருட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லென்ஸ் பக்கத்து ஒளி சென்சாரை விரலால் பொத்தினால் விளக்கு எரியும்.

சிலர் அடாப்டரில் வோல்ட்டை ஏற்றிவிடுவார்கள். எனக்குப் பிடிக்காத வேலை. இரவுக்குச் சரியாக 17 வைத்தால், பகலில் கேமராவுக்கு 15 போகும். ரொம்ப நாள் தாங்காது.

மலிவு கேபிளிலும் ஏமாறாதீர்கள். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம், தடை ஒன்றரை மடங்குக்கு மேல்.

சரி, வழி என்ன? கேபிளுக்குள் சும்மா கிடக்கும் கம்பி ஜோடிகளையும் மின்சாரத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று ஜோடி சேர்த்தால் இழப்பு மூன்றில் ஒன்றாகும். தூரம் இன்னும் அதிகமென்றால் 24 வோல்ட் அனுப்பி, கேமரா பக்கத்தில் ஒரு கன்வெர்டரால் 12 ஆக இறக்கலாம். ஐபி கேமரா (நெட்வொர்க்கில் இணைவது) என்றால், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ சுவிட்ச் வாங்குங்கள்: 48 வோல்ட், 100 மீட்டர் வரை கவலையில்லை. பிஓஇ என்று பெயர் போட்டு விற்கும் சின்ன இணைப்பு வயர்கள் பல வெறும் 12 வோல்ட்டைத்தான் கடத்தும், பழைய கதைதான். கம்பம் வரை 230 வோல்ட் இழுக்க நினைத்தால் மட்டும் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கோயிலில் 24 வோல்ட் போட்டோம். முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்பு மழையில் பச்சை பூத்திருந்தது, அதையும் வெட்டி மழைபடாத பெட்டிக்குள் வைத்தோம். இப்போது தலைவருக்கு வேறு புகார்: விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்க லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டுகிறதாம்.