காப்பீட்டு அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்

அம்மாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு நீங்க ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைக்க அலைந்ததில் தெரிந்துகொண்டது இது: கையில் இருப்பது தமிழக அரசின் ஒரே காப்பீட்டு அட்டைதான், கவுண்டருக்குக் கவுண்டர் அதைப் பார்க்கும் கண் வேறு. யாருக்கு என்ன கவலை என்று தெரிந்தால் கேட்கவேண்டிய கேள்வியும் தெரிந்துவிடும்.

இந்த அட்டையின் திட்டம் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், குடும்பத்துக்கு; ஆளுக்கு அல்ல. வீட்டில் வேறு யாருக்காவது அந்த வருஷம் செலவாகியிருந்தால் மிச்சம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்காரரிடம், "இங்கே கார்டு செல்லுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா?" என்று கேளுங்கள். ஒரு ஆஸ்பத்திரிக்கு எல்லாப் பிரிவுக்கும் அனுமதி இருக்கும் என்று சொல்லமுடியாது. அவர்களுக்குக் கிடைப்பது ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று திட்டம் நிர்ணயித்த பேக்கேஜ் தொகை. அது கட்டுப்படியாகவில்லை என்று அவர்கள் புலம்புவதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பற்றாக்குறை நம் தலையில் விழக்கூடாது.

எங்களுக்கு விழப் பார்த்தது. "அப்ரூவல் வந்துடுச்சும்மா, ஆனா நல்ல ஸ்டென்ட்டுக்குத் தனியா 18,000 கட்டணும்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. நான் சண்டை போடவில்லை. "சரி தம்பி, எதுக்குன்னு பில்லுல எழுதிக் குடுங்க" என்றேன். எழுதப்போன பேனா பாதியில் நின்றது. உள்ளே போய்வந்து, "வேணாம்மா, இதுலயே வச்சிடலாம்" என்றார். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கே 2017இல் 29,600 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவிலை வைத்தது. அதைத் தெரிந்துகொண்டு போயிருந்ததால்தான் அந்தத் தைரியம்.

காப்பீட்டுக்காரர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை, காகிதத்தைப் பார்க்கிறார்கள். ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் படம்) சிடி, ரிப்போர்ட், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் கேள்வி வரலாம்.

டாக்டரிடம் பணப்பேச்சு வேண்டாம். ஏன் இந்தச் சிகிச்சை, அவசரமா, நாள் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

யாராவது பணம் கேட்டு நெருக்கினால் திட்டத்தின் 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. கூப்பிடுமுன் கேட்ட தொகை, தேதி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று நீட்டும் படிவத்தில் காலி இடம் இருந்தால், நிரப்பச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அம்மாவின் கண்ணாடி வீட்டிலேயே தங்கிவிட்டது. நான்தான் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.