1500 மீட்டர், ஏழு நிமிடம்: கால்களைக் கெடுத்துக்கொள்ளாமல் தயாராவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுபவர்களுக்கு இலக்கு மனப்பாடம்: ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம், பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. இதில் தேறினால்தான் கயிறு ஏறுதல், தாண்டுதல் எல்லாம். உண்மையைச் சொன்னால் 7 நிமிடம் அப்படியொன்றும் எட்டாத நேரம் இல்லை. வேறு நோய்நொடி இல்லாத இருபது வயதுக்காரர் 10 வாரம் ஒழுங்காக ஓடினால் வந்துவிடும். ஆட்கள் கழிவது இரண்டு இடத்தில்: முதல் ரவுண்டில் பறந்து மூன்றாவது ரவுண்டில் நடப்பது, அல்லது நாலாவது வாரம் ஷின் பெயினோடு, அதாவது முழங்காலுக்குக் கீழே வரும் எலும்பு வலியோடு, உட்கார்ந்துவிடுவது.

முதலில் கிரவுண்டை அளந்துவிடுங்கள். போனில் இருக்கும் ஆப் சின்ன வட்டத்தில் வளைவுகளை வெட்டிக் கணக்குப் போடும், நம்பாதீர்கள். 30 மீட்டர் டேப் ஒன்றை எடுத்து, உள்கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஓடும் பாதையிலேயே அளக்க வேண்டும். பல பள்ளி கிரவுண்டுகளில் 200 மீட்டர் டிராக்தான் இருக்கும், அதில் ஏழரை ரவுண்டு. 400 மீட்டர் டிராக் என்றால் மூன்றே முக்கால். உள்கோட்டை விட்டு இரண்டாவது லேனில் ஓடினால் ஒரு ரவுண்டுக்குச் சுமார் 7 மீட்டர் கூடும். 400 மீட்டர் டிராக்கில் முழு ஓட்டத்துக்கு 26 மீட்டர், அதாவது ஏழு வினாடி போச்சு. முந்துவதை நேர்ப்பாதையில் வைத்துக்கொள்ளுங்கள், வளைவில் வேண்டாம்.

7 நிமிடக் கணக்கு 100 மீட்டருக்கு 28 வினாடி. ஆனால் பழகுவது 6 நிமிடம் 30 வினாடிக்கு. தேர்வன்று கூட்டம், பதற்றம், வெயில் எல்லாம் பத்து இருபது வினாடியைத் தின்றுவிடும். ஆறரை நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 26 வினாடி, 200-க்கு 52, 400-க்கு 104. இந்த 52 வினாடி கால்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டும். வாட்ச் பார்க்காமல் 200 மீட்டர் ஓடி, 51-க்கும் 53-க்கும் நடுவில் வந்து நிற்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் 200 மீட்டரை 42 வினாடியில் ஓடுகிறவர் பத்து வினாடி மிச்சம் பிடித்ததாக நினைப்பார். கடைசி 500 மீட்டரில் முப்பது வினாடியாகத் திருப்பிக் கொடுப்பார்.

வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம் போதும். இரண்டு நாள் மெதுவோட்டம், 25 முதல் 30 நிமிடம், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். ஒரு நாள் 200 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 52 வினாடி, நடுவில் 90 வினாடி நடை. இன்னொரு நாள் 400 மீட்டர் மூன்று தடவை, 104 வினாடியில், நடுவில் 2 நிமிடம். இதை ஆறாவது வாரத்துக்குள் ஐந்து தடவையாக ஏற்றலாம். இந்த இரண்டு வேக நாளும் அடுத்தடுத்து வரக்கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் முழு 1500 ஓடி டைம் எடுங்கள். தினமும் டைம் எடுப்பது தேர்வு எழுதுகிற மாதிரிதான், படிக்கிற மாதிரி இல்லை.

பெண்களுக்கு 400 மீட்டருக்கு 150 வினாடி, நடந்து முடிக்க முடியாது, ஆனால் மிதமான ஓட்டம் போதும். இதே திட்டத்தில் பாதி அளவு எடுத்தாலே தாராளம். நேரத்தைவிடக் கடைசி இரண்டு வாரத்தில் அவசரமாக ஆரம்பிப்பதுதான் அங்கே ஆபத்து.

இனி ஷின் பெயின். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்க ஓரமாக வரும் வலி. மூச்சு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், தசை ஆறு வாரம் கேட்கும், எலும்புக்கு மாதக்கணக்கு. அதோடு, புதுச் சுமை விழும்போது எலும்பு முதலில் பழசைக் கரைத்துவிட்டுத்தான் புதுசைக் கட்டும். அதனால் மூன்றாவது, நாலாவது வாரத்தில், மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் வேகம் கூட்டும் அதே நேரத்தில், எலும்பு கொஞ்சம் பலவீனமாக இருக்கும். அங்கேதான் மாட்டுவார்கள்.

வலி வந்தால் கட்டைவிரலால் எலும்பின் உள் ஓரத்தை மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். ஒரு விரல்கடை அகலத்துக்கு மேல், ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட ஆரம்பிக்கும்போது வலித்துச் சூடானதும் குறைந்தால், அது சாதாரண ஷின் பெயின். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால், ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியாவிட்டால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலே போகலாம். ஆக, எக்ஸ்ரே சுத்தம் என்று சொன்னதாலேயே மறுநாள் ஓடக் கிளம்பக் கூடாது.

சாதாரண ஷின் பெயினுக்கு 10 நாள் முதல் 2 வாரம் ஓட்டம் கிடையாது. படுத்துக் கிடக்கவும் வேண்டாம். 40 நிமிடம் சைக்கிள் மிதித்தால் பழகிய மூச்சு குறையாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. வலி அடங்க அடங்க கெண்டைக்கால் பயிற்சி: படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி, மூன்று எண்ணி இறக்குவது, 15 தடவை மூன்று செட். முழங்காலை நீட்டி ஒரு செட், லேசாக மடக்கி ஒரு செட் என்று மாற்றி மாற்றி. மடக்கிச் செய்வதுதான் உள்ளே ஆழத்தில் இருக்கும் தசைக்குப் போகும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

30 நிமிடம் வேகமாக நடந்தும் வலி இல்லையென்றால் திரும்ப ஆரம்பிக்கலாம். நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், ஆறு தடவை. மறுநாள் காலை வலி இல்லாவிட்டால் மூன்றுக்கு இரண்டு. அப்புறம் இரண்டுக்கு மூன்று. நடுவில் வலி எழும்பினால் ஒரு படி பின்னால் வர வேண்டும். வலி மாத்திரை போட்டுவிட்டு ஓடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். எச்சரிக்கை மணியை அது அணைத்துவிடும். வெயிலில் தண்ணீர் குறைந்த உடம்போடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

வராமல் தடுக்க ஓடும் தரை முக்கியம். நான்குவழிச் சாலையின் சர்வீஸ் ரோடைவிட மண் கிரவுண்டும் ஏரிக்கரையும் மேல். தார் ரோடுதான் கதி என்றால், ரோடு ஓரமாகச் சரிந்திருக்கும், ஒரே பக்கம் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். எதிரே வரும் வண்டியைப் பார்த்த மாதிரி ஓடுங்கள், சரிவு குறைந்த இடமாகப் பாருங்கள். கிருஷ்ணகிரி கோட்டை மலையிலோ தீர்த்தமலையிலோ படி ஏறிப் பழகுவது நல்லதுதான், ஆனால் இறங்கும்போது நடந்து இறங்குங்கள். எலும்பை அடிப்பது ஏற்றம் இல்லை, இறக்கம்.

சாப்பாட்டில் இந்த ஊர்க்காரர்களுக்குக் குறை ஒன்றுமில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு, அரிசியில் அது பெயருக்குத்தான். களியும் கீரையும் எலும்புக்கு நேரடி முதலீடு. ஆனால் ஓடும் முன் களி வேண்டாம், மூன்று மணி நேரமாவது கல்லாகக் கிடக்கும். காலை ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். ஓட்டத்துக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் கூழும் இரண்டு முட்டையும், அல்லது கொள்ளுச் சுண்டல். 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 72 முதல் 96 கிராம் புரதம் தேவை. பச்சையாக அளந்த 100 கிராம் கொள்ளில் 22, 50 கிராம் வேர்க்கடலையில் 12, இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16. மீதி சோறு, களியிலேயே வந்துவிடும். பவுடர் டப்பா வாங்கத் தேவையில்லை. சாப்பிட்டதும் டீ குடித்தால் கீரை, கொள்ளில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

தண்ணீர் விஷயம் இங்கே தனி. தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பற்களில் கறை, அளவு இன்னும் கூடினால் மூட்டிலும் முதுகிலும் இறுக்கம். ஓடுகிறவர் மற்றவரைவிட அதிகமாகக் குடிப்பார், அதனால் கிரவுண்டு பைப்பில் வருவது எந்தத் தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் கெட்டியாகும். வீட்டுக் குழாயில் வரும் ஒகேனக்கல் திட்டத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோவது எளிது. மூன்று மாதம் நீட்டி மடக்கியும் இடுப்பு இறுக்கம் குறையவே இல்லையென்றால் உடற்பயிற்சிக் குறை என்று நினைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓசூரில் ஷிப்ட் வேலை, சீசனில் மாங்கூழ் தொழிற்சாலை வேலை என்று போகிறவர்கள், நைட் ஷிப்ட் முடிந்த காலையில் நேராக கிரவுண்டுக்கு வர வேண்டாம். தூங்கி எழுந்து மாலையில் மெதுவோட்டம் மட்டும். வேக நாள் இரண்டையும் ஷிப்ட் மாறும் வாரத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் அளவைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் விடாதீர்கள்: தேர்வுக்கு மூன்று நாள் முன் 200 மீட்டர் நாலு, அதோடு சரி. புது ஷூ அன்றைக்குப் போட வேண்டாம், குறைந்தது மூன்று வாரம் பழகியதாக இருக்கட்டும். விசில் அடித்ததும் கூட்டம் முண்டும். முதல் 300 மீட்டர் 78 வினாடிக்கு முன்னால் வந்தால் நீங்களே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கோட்டைத் தாண்டியதும் அப்படியே உட்காராமல் ஐந்து நிமிடம் நடந்துகொண்டிருங்கள், சட்டென்று நின்றால் தலை சுற்றும்.